பொறுப்புச் சொல்

"இதுல என்ன கஷ்டம்? மூணே மூணு வரி. பாப்பா ஒரு தடவை கேட்டுட்டு ஒப்பிக்கிறா."

"அவளுக்கென்ன, எதைக் குடுத்தாலும் ஒப்பிப்பா. அர்த்தம் கேட்டா முழிப்பா."

"உன்கிட்ட யாரு அர்த்தம் கேக்கப்போறா? எந்திரிக்கிற, சொல்ற, உக்கார்ற. எங்க, இன்னொரு தரம்."

"இவர் எங்கள் வீட்டு ஆள்."

"ம்."

"இவர் செய்த குற்றத்தை..."

"நான் அறிவேன். சொல்லு."

"இருங்க, துணி கருகுது."

துணி ஒன்றும் கருகவில்லை. தேய்க்கிற ரோலருக்கு அடியிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு வெள்ளைவெளேரென்று, சூடாக, சுருக்கமில்லாமல் வந்துகொண்டுதான் இருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். விரிப்புக்கு அந்தப் பக்கம் நின்ற கணவருக்கு அவள் முகம் தெரியவில்லை. அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அந்த லாண்டரி மாமனார் காலத்திலிருந்து நடக்கிறது. கீழே மிஷின்கள், மேலே வீடு. பாய்லர் ஓடத் தொடங்கினால் மேலே அலமாரியில் இருக்கிற தட்டெல்லாம் பேச ஆரம்பித்துவிடும். ஆஸ்பத்திரி ஒன்று, ஓட்டல் இரண்டு, இவை நிரந்தர வாடிக்கை. மீதி அக்கம்பக்கத்துச் சட்டை துணிமணி. கணவர் கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவார். துவைப்பது, பிழிவது, தேய்ப்பதெல்லாம் அவளும் கூலிக்கு வருகிற இரண்டு பெண்களும். இப்போது கூடவே அவள் தம்பியும்.

தம்பி ஜெயிலுக்குள் போகும்போது பாப்பாவுக்கு மூன்று வயது. இப்போது அவள் பாவாடையின் மடிப்பைத் தானே தேய்த்துக்கொள்கிறாள். இத்தனை வருஷத்தில் கணவர் அவன் பேச்சை இந்த வீட்டில் எடுக்க விட்டதில்லை. பார்க்கப் போகிறேன் என்றால் போய்விட்டு வா என்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. திரும்பி வந்தால் எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு வாரமாகக் கல்லாவை விட்டு எழுந்து வந்து, நீராவியில் வேர்த்து வடிய நின்று, கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகப் பாடம் நடத்துகிறார். கல்யாணம் ஆன புதிதில் கணக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தபோதுகூட இந்தப் பொறுமை இல்லை. இரண்டாம் நாளே புத்தகத்தை மூடிவிட்டார்.

அதனால்தான் அவளுக்கு மூக்கில் வேர்த்தது.

விஷயம் இதுதான். தண்டனை முடிந்து வந்தவர்களுக்கு ஓட்டு உண்டா இல்லையா என்று இரண்டு வருஷமாக மல்லுக்கட்டினார்கள். வெளியே வந்த அன்றைக்கே கொடுக்கணும் என்றது ஒரு கட்சி. சாகும் வரைக்கும் கூடாது என்றது குடும்ப முன்னணி. கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு சட்டம் வந்தது. வந்தவனுடைய வீட்டில், ஓட்டு உள்ள ஒருவர், வார்டு கூட்டத்தில் எல்லாரும் பார்க்க எழுந்து நின்று மூன்று வரி சொல்ல வேண்டும். இவர் எங்கள் வீட்டு ஆள். இவர் செய்த குற்றத்தை நான் அறிவேன். இனிச் செய்யமாட்டார் என்பதற்கு நான் பொறுப்பு. அப்படிச் சொல்லிவிட்டால் ஓட்டு வந்துவிடும். ஆனால் அவன் மறுபடி ஏதாவது வம்பில் மாட்டினால், அவனுடைய ஓட்டோடு சொன்னவர் ஓட்டும் போகும். குடும்பம் என்றால் சும்மாவா என்று முன்னணிக்காரர்கள் இதையும் தங்கள் வெற்றியாகவே பேசினார்கள்.

வார்டில் முன்னணிக்குத் தலைவர் மருந்துக்கடைக்காரர். வெள்ளைக் கோட்டு அவருடையது, வாரம் இரண்டு இங்கேதான் வெளுக்க வரும். போன வாரம் கோட்டை வாங்க அவரே வந்தார். வழக்கமாகக் கடைப் பையன்தான் வருவான்.

"என்ன தங்கச்சி, தம்பி நல்லா வேலை பாக்கிறாராமே?"

"பாக்கிறான் அண்ணே."

"பாக்கணும். குடும்பம்ங்கிறது என்ன? விழுந்தவனைத் தூக்கி விடுறது. அதைத்தான் நாங்க மேடைக்கு மேடை சொல்றோம். நீங்க செஞ்சு காட்டப் போறீங்க."

"போன தேர்தல்ல வேற மாதிரி சொன்னீங்களே அண்ணே. ஜெயிலுக்குப் போனவன் ஓட்டும் கள்ள நோட்டும் ஒண்ணுன்னு."

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். இருமல் மருந்து கொடுக்கும்போது சிரிப்பாரே, அதே சிரிப்பு. "ஞாபக சக்திக்கு மாத்திரை உங்களுக்குத் தேவையே இல்லை. அது பொதுவா சொன்னது. இது நம்ம வீட்டு விஷயம்." கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த கமிட்டிக்கு உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். வீட்டை மட்டும் கொஞ்சம் நேர் பண்ணிக்குங்க."

வீட்டை நேர் பண்ணுவது என்றால் என்ன என்று அவள் அன்றைக்குக் கேட்கவில்லை. இன்றைக்குச் சுற்றிவளைத்துக் கேட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு மேலே வந்திருந்தார்கள். ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும். வெளியே மழை வருவதுபோல இருட்டிக்கொண்டு வராமல் இருந்தது.

"ஏங்க, ஒரு சந்தேகம். இந்த மூணு வரியை வீட்டுல யார் வேணா சொல்லலாமா?"

"ஓட்டு இருக்கிற யார் வேணா சொல்லலாம்."

"அப்ப நீங்களே சொல்லலாமே. உங்களுக்குத்தான் மேடை கூச்சம் கிடையாது. மனப்பாடமாவும் வந்துடுச்சு."

அவர் ரொட்டியைப் பிய்த்தவர் அப்படியே நிறுத்தினார்.

"நான் எப்படி? ரத்த சொந்தம் நீதானே? அதுவுமில்லாம நான் கட்சியில இருக்கேன், நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா பேர் கெடும். என் ஓட்டே போச்சுன்னா கமிட்டியில எப்படி நிக்கிறது? கூடப் பிறந்தவ சொன்னா சனங்களுக்கும் மனசு இளகும்."

ஒரு காரணம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அவர் வரிசையாக அடுக்கினார்.

"சரி, அவனுக்கு ஓட்டு வந்தாத்தான் என்ன, வராட்டித்தான் என்ன? நீங்க ஏன் இப்படித் தவிக்கிறீங்க?"

"யாரு தவிக்கிறா? உன் தம்பிக்கு நல்லது நடக்கட்டும்னு பாத்தா என்னையே குடையிற."

"இத்தனை வருஷமா இல்லாத அக்கறை, அதான் கேட்டேன்."

"உங்க குடும்பத்துக்கு நல்லது செஞ்சா இதான் கிடைக்கும்." தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

உங்க குடும்பம். மேடையில் பேசும்போது அது எப்போதும் நம்ம குடும்பம்தான். அவள் மிச்ச ரொட்டியை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.

அந்த லாண்டரியில் மாமனார் வைத்துப்போன சட்டம் ஒன்று உண்டு. துணியோடு என்ன வந்தாலும் ஏன் வந்தது என்று கேட்கக்கூடாது. பையில் இருப்பதை எடுத்து, துணி நம்பரை ஒட்டி, ஜன்னலோரப் பலகையில் வைத்துவிட வேண்டும். துணியை வாங்க வருகிறவரிடம் அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், முகத்தைப் பார்க்காமல். சினிமா டிக்கெட் இரண்டு வரும், வீட்டுக்காரம்மா சினிமாவே பார்க்காதவளாக இருப்பாள். ஒரு தடவை கட்டிய பல் ஒன்று வந்தது. வருஷம் முழுக்கப் பலகையில் இளித்துக்கொண்டிருந்தது, எவனும் என்னுடையது என்று சொல்லவில்லை. கறையும் அப்படித்தான். கறை போகுமா போகாதா என்பது மட்டும்தான் கேள்வி. எப்படி வந்தது என்பது கேள்வி இல்லை.

அந்தச் சட்டத்தை அவள் நன்றாகப் படித்துவிட்டாள். அதனால்தான் தம்பி மாட்டிக்கொண்ட அன்றைக்கும் கேட்கவில்லை.

அன்றைக்கு மழை. கரண்ட் போய்விட்டது. ஆஸ்பத்திரி மூட்டையைக் கொண்டு வந்த வேன்காரருக்கும் கணவர், தம்பி இருவருக்கும் பின்வாசலில் தகராறு, விரிப்புகள் குறைகிறதென்று. சத்தம் கேட்டு அவள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு டார்ச்சோடு இறங்கி வந்தபோது வேன்காரர் மூட்டைமேல் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் அடி. இரும்புக் கம்பி தம்பி கையில் இருந்தது. கணவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே தம்பி சொன்னான்: "நான்தான்." வேன்காரர் பிழைத்தார். ஒரு காது போனது. பின்னாலிருந்து விழுந்த அடி, யார் என்று அவருக்குத் தெரியாது. அப்புறம் அவர் ஊரை விட்டே போய்விட்டார்.

கணவர் சட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டார். "அந்த ஆளைத் தூக்கினேன்ல, பட்டுடுச்சு" என்றார். அவள் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார். ஒருவரைத் தூக்கினால் ரத்தம் மார்பில் படும். சட்டையின் மார்பு சுத்தமாக இருந்தது. வலது கை மணிக்கட்டுப் பட்டியில் மட்டும் கடுகு கடுகாகத் தெறித்திருந்தது. அவள் அதைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டாள், கசக்கினாள், அலசினாள். போய்விட்டது. கறை போகுமா என்பதுதானே கேள்வி.

சாயங்காலம் கூலிப்பெண்கள் போனபிறகு தம்பியும் அவளும் விரிப்பு மடிக்க நின்றார்கள். படுக்கை விரிப்பை ஒருவராக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, இழுத்து உதறி, பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, நடந்து வந்து அவர் கையில் இருப்பதை இவர் வாங்க வேண்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் இரண்டு பேரும் ஒரு தடவை முகத்துக்கு முகம் வந்து நிற்பார்கள்.

தம்பியை அந்தத் தெருவில் ஒட்டடைக்குச்சி என்பார்கள். அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. வந்து நான்கு மாதம் ஆகியும் திறந்திருக்கிற கதவுக்கு முன்னால் நின்றுவிடுவான்.

"உள்ள வாடா. கதவுல நின்னு டிக்கெட்டா கிழிக்கிறே?"

"பழக்கம்க்கா. யாராவது போன்னு சொல்லணும்."

"போ. வா. எல்லாத்தையும் நானே சொல்றேன், மூலையைப் பிடி."

உதறினார்கள். விரிப்பு படகுப் பாய் மாதிரி இருவருக்கும் நடுவில் புடைத்து அடங்கியது. அவன் நடந்து வந்து கொடுத்தான்.

"திரும்பவும் சின்னதா மடிக்கிறே. ஓட்டல்காரன் நேத்து திருப்பி அனுப்பிட்டான், தலைகாணி உறைன்னு நினைச்சானாம்."

"உள்ள அப்படித்தான். சின்னதா மடிச்சா தலைக்கு வச்சுக்கலாம்."

"இங்க தலைகாணி இருக்கு."

"இருக்கு." சிரித்தான். "அதுல படுத்தா கழுத்து வலிக்குது."

அடுத்த விரிப்பு. அவன் சட்டைப்பையில் எதுவோ மினுக்கியது. அவள் கை தன்னால் போய் எடுத்தது. தொழில் புத்தி. முன்னணியின் பட்டன் பேட்ஜ்: ஒரு வீடு, அதற்குள் நான்கு தலை.

"இது எங்க இருந்து வந்தது?" என்றாள். கேட்டபிறகுதான் மாமனாரின் சட்டத்தை மீறிவிட்டது தெரிந்தது.

"மாமா குடுத்தாரு. கூட்டத்துக்குக் குத்திக்கிட்டு வரச் சொன்னாரு."

"குத்தப் போறியா?"

"குத்தச் சொன்னா குத்தறேன். ஓட்டுப் பெட்டிக்குள்ள யாரு வந்து பாக்கப் போறா?"

"அப்ப உனக்கு ஓட்டு வேணும்?"

அவன் மூலைகளைப் பிடித்தபடி யோசித்தான்.

"போன தேர்தல் அன்னைக்கு உள்ள துணி மடிச்சுக்கிட்டு இருந்தோம். வார்டருங்க ஒவ்வொருத்தனா வெளிய போய் விரல்ல மையோட வந்தானுங்க. அதுல ஒருத்தன் இருக்கான், தினம் எங்க ரொட்டியைத் திருடித் தின்னுறவன். அவன் விரல்லயும் மை. எனக்கு அன்னைக்குப் பூரா கண்ணு அந்த விரல்லயே இருந்துச்சு. சிரிப்பா வருது, ஆனா ஆமா, வேணும். எனக்கு வேற எதுவும் வேணாம்க்கா. இது மட்டும் வேணும்."

இவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதே இல்லை. விரிப்பைப் பாதியாக்கினாள். ஆனாலும் விடவில்லை.

"நான் எந்திரிச்சு, நீ செஞ்ச குத்தம் எனக்குத் தெரியும்னு சொல்லணுமாம்."

"சொல்லு."

"தெரியுமா எனக்கு?"

"ஊருக்கே தெரியும். கோர்ட்டுல சொல்லியாச்சு."

"கோர்ட்டுல நான் கேக்கலை. இப்ப கேக்கிறேன். அன்னைக்கு யாருடா அடிச்சது?"

பாய்லர் அணைந்துகொண்டிருந்தது. குழாய்க்குள் தண்ணீர் டொக் டொக்கென்று இறங்கிற்று. அவன் நடந்து வந்தான். முகத்துக்கு முகம் நின்றார்கள். அவன் கையிலிருந்த மூலைகள் இன்னும் அவள் கைக்கு வரவில்லை.

"அன்னைக்குப் பாப்பாவுக்கு என்ன வயசுக்கா?"

"மூணு."

"ம். லாண்டரி யார் பேர்ல இருந்துச்சு?"

அவள் மூலைகளுக்காகக் கையை நீட்டினாள்.

"எனக்குக் கல்யாணமா, குழந்தையா? சும்மா சுத்திக்கிட்டு இருந்த பய. குடும்பம்னு இருந்தா யாராவது ஒருத்தர்..." பாதியில் நிறுத்தி, மூலைகளை அவள் கையில் வைத்தான். "வாயைக் கிளறாதக்கா. பிடி."

"அவர் உன்கிட்ட அப்படித்தான் சொன்னாரா? குடும்பம்னு?"

"அடுத்ததை எடு. நேரமாச்சு."

கல்லில் நார் உரிக்க முடியாது. அவள் அடுத்ததை எடுத்தாள். அன்றைக்கு மிச்சமிருந்த விரிப்புகளையெல்லாம் அவன் ஓட்டல்காரன் கேட்ட அளவிலேயே, பெரிதாக, சரியாக மடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பள்ளிக்கூடத்தில். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தேர்தல் அதிகாரிக்குச் சளி. பக்கத்தில் வெந்நீர் வைத்துக்கொண்டு, யார் பேசினாலும் மூக்கை உறிஞ்சிவிட்டுத்தான் நிமிர்ந்தார். கணவர் மூன்றாவது வரிசையில் மருந்துக்கடைக்காரருக்குப் பக்கத்தில், பேட்ஜோடு. அவள் தேய்த்த சட்டைதான். தம்பி வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அவள் கண்ணைக் காட்டினாள், உள்ளே வந்தான். பேட்ஜைக் குத்தியிருந்தான், கோணலாக.

அவர்களுக்கு முன்னால் ஒரு அம்மாவைக் கூப்பிட்டார்கள். தையல் வேலை செய்கிறவள், கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டே வந்திருந்தாள். பக்கத்தில் மகன்.

"இவர் எங்கள் வீட்டு ஆள்" என்றாள் கணீரென்று. "என் பிள்ளை எந்தக் குற்றமும் செய்யலைங்க ஐயா. பொய்க் கேஸு."

அதிகாரி மூக்கை உறிஞ்சினார். "அப்படிச் சொன்னா செல்லாதும்மா. செய்த குற்றத்தை நான் அறிவேன். அதைச் சொல்லணும்."

"செய்யாததை எப்படிங்க அறிவேன்?"

"அது கோர்ட்டு விஷயம். இங்க நீங்க அந்த வரியைச் சொன்னா ஓட்டு. சொல்லாட்டி இல்லை. அவ்வளவுதான்."

அந்த அம்மா மகனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான், சொல்லிடும்மா என்கிற மாதிரி. அவள் அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டு, சொல்லாமலே மகனை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். மருந்துக்கடைக்காரர் நாக்கால் சூள் கொட்டினார். "பிடிவாதம். பையன் வாழ்க்கை போச்சு" என்றார் பக்கத்தில் கேட்கும்படி. கணவர் ஆமோதித்துத் தலையை ஆட்டினார்.

அடுத்து இவர்கள்.

அவள் எழுந்தாள். நீராவியில் வெந்து சிவந்த தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு விரிப்பு இருந்தால் தேவலை, பிடித்துக்கொள்ளலாம், முகத்தையும் மறைத்துக்கொள்ளலாம்.

"இவர் எங்கள் வீட்டு ஆள்."

அதிகாரி தலையசைத்தார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் இடது கை ஆள்காட்டி விரலை வலது கை மூடிக்கொண்டிருந்தது.

"இவர் செய்த குற்றத்தை..."

மூன்றாவது வரிசையில் ஒரு உதடு அசைந்தது. கணவர் சத்தமில்லாமல் எடுத்துக்கொடுத்தார். நான் அறிவேன். மறந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். இன்னொரு தடவை அசைத்தார், இன்னும் தெளிவாக, அவள் படிக்கும்படி. அவ்வளவு சரியாக, ஒரு எழுத்து பிசகாமல்.

அவள் சொல்லிவிடலாம். ஒரு மூச்சு. தம்பிக்கு வேண்டியது கிடைத்துவிடும். அவன் கேட்டது அது ஒன்றுதான். அவன் செய்யவில்லை என்று உண்மையைச் சொன்னால், சற்றுமுன் வெளியே போன அந்தப் பையன் மாதிரி இவனும் வெறும் விரலோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான். அந்த வரி சொல்லப்பட்டே ஆக வேண்டும். யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

"வரி மறந்துபோச்சாம்மா?" அதிகாரி வெந்நீரை ஒரு மிடறு குடித்தார். "எடுத்துக் குடுக்கட்டுமா?"

"மறக்கலைங்க ஐயா. அதை நல்லா அறிஞ்சவங்க சொன்னாத்தானே சரியா இருக்கும்? இந்த வீட்டுல ஓட்டு இருக்கிற இன்னொருத்தரும் இங்கதான் இருக்கார்."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. தலைகள் திரும்பின. மருந்துக்கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. தம்பி முதல்முறையாக நிமிர்ந்து, வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பேட்ஜுக்குக் கீழே, மடியில் கிடந்த வலது கையையும், தான் கஞ்சி போட்டுத் தேய்த்த அந்த வெள்ளை மணிக்கட்டுப் பட்டியையும் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள், சாப்பிடக் கூப்பிடுகிற குரலில். "அந்த ரெண்டாவது வரியை மட்டும் நீங்க எந்திரிச்சு வந்து சொல்லிடுங்களேன்."